அளவுக் கொப்பி



நான் அதிகம் படித்தவள் அல்ல. எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூட வாழ்க்கை முடிந்தது. தையல் தைத்து ஒரு பெண்பிள்ளையை வளர்த்தெடுத்தவள். அறுபதை நெருங்கும் வயதில் கண்ணாடியும் புத்தகமுமாக நான் இருப்பதைப் பார்த்து, "அம்மாவுக்கு என்ன, பரீட்சை வருதா?" என்று மகள் கேலி செய்வாள். பரீட்சை ஏற்கெனவே வந்து போய்விட்டது என்பதுதான் உண்மை. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இரவொன்றில் அது வந்தது.

அந்த நாட்களில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. கண்டி மாவட்டத்தில் ஊரடங்குச் சட்டம். முகநூலையும் நிறுத்தி வைத்தார்கள். நான் இருக்கும் கடுகண்ணாவை, திகனைக்கு மறுபக்கத்தில் கொழும்பு வீதியில் இருக்கிறது. ஆனால் பயத்துக்குத் தூரம் கிடையாது. இன்று இங்கே வருகிறார்களாம், அந்தச் சந்தியில் கூடியிருக்கிறார்களாம் என்று கதைகள் வந்தபடியே இருந்தன.

இரவு ஒன்பது மணி இருக்கும். குசினிக் கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு முஸ்லிம் தங்கச்சி. இரண்டு பிள்ளைகளும் கூட.

"அக்கா, இன்டக்கி ராவக்கி மட்டும் புள்ளைகளோட இங்க இருந்துக்கொள்ளட்டா? அவரு கொழும்புல. எனக்குப் பயமா இரிக்கி."

என் கை தாழ்ப்பாளில் இருந்தது. ஆனால் அதைத் திறக்கவில்லை. 'நமக்கேன் இந்த வம்பு? நாளைக்கு இவளைத் தேடிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தால்? இந்த முறை அடி நமக்கில்லையே' என்று மனம் கணக்குப் போட்டது. பத்து எண்ணும் நேரம் இருக்கும். அதன் பிறகுதான் திறந்தேன். பாயை விரித்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தையல் மெஷின் இருக்கும் அறையில் அவர்களைப் படுக்க வைத்தேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே இருந்தவர்களை நினைத்து மட்டுமல்ல. அந்தப் பத்து எண்ணும் நேரத்தை நினைத்தும்தான். இனவாதத்தால் அடிபட்டவள் நான். அகதியாக ஓடியவள் நான். எனக்குள்ளே அந்தக் கணக்கை எழுதி வைத்தது யார்?

அதைத் தேடித்தான் நான் வாசிக்கத் தொடங்கினேன்.

வாயை மூடப் பழகியவர்கள்

நான் பிறந்தது கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1977 ஓகஸ்ட் கலவரத்தில் எங்கள் லயத்துக்கும் வந்தார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மா சேலைத் தலைப்பில் எச்சில் தொட்டு என் நெற்றிப் பொட்டை அழித்ததும், "வாயத் தொறக்காத புள்ள, யாரு என்ன கேட்டாலும் பேசாத" என்று லொறிக்குள் என் வாயைப் பொத்தியதும் இன்றும் கண்முன் நிற்கின்றன. பல மலையகக் குடும்பங்களைப் போல நாங்களும் வன்னிக்குப் போனோம். காடு வெட்டி, கொட்டில் போட்டு, கச்சான் விதைத்தோம்.

அங்கே எல்லோரும் தமிழர்தான். இனி வாயைத் திறந்து பேசலாம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்த முதல் நாளே என் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். "தோட்டக்காட்டாள்" என்று பெயர் வைத்தார்கள். சில வீடுகளில் கிணற்றுக் கட்டில் எங்களை ஏறவிடவில்லை. வாளியில் அள்ளி ஊற்றுவார்கள், நாங்கள் கையேந்திக் குடிக்க வேண்டும். சிங்களத்தில் ஒரு பெயர், தமிழில் இன்னொரு பெயர். இரண்டும் ஒரே அளவில்தான் வலித்தன.

கலியாணம் முடித்து முல்லைத்தீவு மாவட்டத்தில் தண்ணீரூற்றுப் பக்கம் குடியிருந்தேன். 1993இல் ஷெல் விழுந்து கணவர் போனார். 1996இல் மகளையும் கூட்டிக்கொண்டு, வவுனியாவில் முகாமில் இருந்து, கடைசியில் கடுகண்ணாவையில் சின்னம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு சாக்கில் உடுப்பு. இன்னொரு சாக்கில் காலைக் கழற்றிவிட்டு எடுத்துவந்த தையல் மெஷினின் தலை. அந்த மெஷினைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு கண்டிப் பக்கத்தில் தமிழர் பட்ட பயத்தை இங்கே இருந்தவர்கள் அறிவார்கள். கணவாய் வழியாக ஏறும் பஸ்ஸில் நானும் மகளும் போனால், என் அம்மா எனக்குச் சொன்னதையே நான் அவளுக்குச் சொல்வேன்: "பேசாத." எட்டு வயதுப் பிள்ளை. தாகம் எடுத்தாலும் கையைச் சுரண்டுவாளே தவிரப் பேசமாட்டாள். ஒருநாள் கேட்டாள்: "அம்மா என்று கூப்பிட்டாலும் பிழையா?" சிங்களத்திலும் அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகவே அந்த ஒரு சொல்லை மட்டும் சத்தமாகச் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்தேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறினால், எது வேண்டுமானாலும் "அம்மா, அம்மா" என்பாள். பசியா, தூக்கமா, பயமா என்று அந்தச் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தில் நான் கண்டுபிடித்துக்கொள்வேன்.

முதலில் வாசித்தது என் காயத்தை

2018க்குப் பிறகு, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் போய் நின்றேன். "இது எங்கிருந்து தொடங்கியது என்று எனக்கு வாசிக்க வேண்டும், டீச்சர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளையின் 'நாடற்றவர் கதை'யைக் கொடுத்தார். 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர் அவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸைச் சேர்ந்த ஏழு பேர் வெற்றி பெற்றார்கள். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 1949இல் வாக்குரிமையும் போனது. ஏழு இலட்சத்துக்கும் அதிகமான தோட்டத்து மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

சட்டம் எப்படி வேலை செய்தது என்பதை டீச்சர் விளங்கப்படுத்தினார். ஒருவர் இங்கே பிறந்தால் மட்டும் போதாது. அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தையின் தந்தையும் அவருக்குத் தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழை எங்கே தேடுவது? அந்தச் சட்டத்தில் 'தமிழர்' என்றோ 'தோட்டத் தொழிலாளி' என்றோ ஒரு சொல் தேவைப்படவில்லை. யாரையும் ஏசாமல், யாருக்கும் அடிக்காமல், ஒரு கடதாசியைக் கேட்டே ஒரு சனத்தை வெளியே நிறுத்த முடியும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். அதுவரை இனவாதம் என்றால் பொல்லும் நெருப்பும்தான் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். தந்தை, தந்தையின் தந்தை என்றே எழுதியிருக்கிறது. தாய் எங்கே? கொழுந்து பறித்தது பெரும்பாலும் பெண்கள். ஆனால் பிள்ளைக்கு நாட்டைக் கொடுக்கும் தகுதி தாய்க்கு இல்லை. தாய் வழியாகவும் பிரஜாவுரிமை பெறலாம் என்று சட்டம் திருந்தியது 2003இல்தான். மலையகத்தவரில் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டமும் அதே 2003இல்தான் வந்தது. 55 வருடங்கள்!

இடையில் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. பிறகு 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சாமான் பங்கு வைப்பதைப் போல! எங்கள் பெரியப்பா குடும்பம் அந்தக் கணக்கில் போனது. தலைமன்னாருக்குப் போனவர்களின் ரயில் பயணத்தை 'அழுகைக் கோச்சி' என்றார்கள். மலைநாட்டிலிருந்து கீழே இறங்கும் அந்தக் கோச்சிகள் கடுகண்ணாவை ஸ்டேஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்று ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 2014இல் திறந்த ரயில்வே நூதனசாலை இருக்கிறது. பழைய எஞ்சின்களைப் பார்க்கப் பிள்ளைகள் வருகிறார்கள். நான் அந்தப் பக்கம் போனால், பெரியம்மா ஜன்னலால் நீட்டிய கையைத்தான் நினைப்பேன்.

இவற்றையெல்லாம் வாசித்தபோது அழுதேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த அழுகையில் ஒரு சுகமும் இருந்தது. என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று புத்தகமே சொல்கிறதே! அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால், கதவுக்குப் பின்னால் நின்ற அந்தப் பத்து எண்ணும் நேரத்துக்கு எனக்கு விடை கிடைத்திருக்காது.

அடுத்தவர் காயமும் அதே புத்தகத்தில்

டீச்சர் அடுத்து 1915ஐப் பற்றி வாசிக்கத் தந்தார். நூறு வருடங்களுக்கு முன்பு, மே 28ஆம் திகதி, வெசாக் இரவில், எங்கள் கண்டியில்தான் அது தொடங்கியது. கம்பளையில் பெரஹரா பள்ளிவாசலைக் கடந்து போவது பற்றி இருந்துவந்த வழக்கின் தொடர்ச்சி. அங்கிருந்து நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவி, முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெள்ளைக்கார அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் போட்டுச் சிங்கள மக்களைக் கொடுமையாக அடக்கியது. அந்தக் கொடுமையை எதிர்த்து லண்டன்வரை போய் வாதாடியவர் ஒரு தமிழர், சேர் பொன்னம்பலம் இராமநாதன். திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் அவருடைய வண்டியைத் தாங்களே இழுத்தார்கள் என்று நாங்கள் பெருமையாகப் படித்திருக்கிறோம். ஆனால் கடையும் வீடும் எரிந்த முஸ்லிம்களுக்கு அந்தப் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அதே இராமநாதன் அதற்கு முன்பே, 1880களில், முஸ்லிம்கள் தனி இனம் அல்ல, மதம் மாறிய தமிழரே என்று வாதிட்டவர். பின்னாளில், பெண்களுக்கும் எல்லாச் சாதியாருக்கும் வாக்குரிமை கொடுப்பதையும் எதிர்த்தவர். ஒரு மனிதர் ஓர் இடத்தில் நியாயத்துக்காக நிற்பார், இன்னோர் இடத்தில் அதையே மறப்பார். புத்தகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது.

1930களில் அந்தக் கோபம் கொழும்பில் வேலை செய்த மலையாளிகள் மேல் திரும்பியது. 1939இல் அரசாங்க வேலையில் இருந்த இந்தியத் தினக்கூலிகளை நீக்கினார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் நேரு இங்கே வந்தார். பிறகு 1948இல் எங்கள் முறை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1958, 1977, 1983. 2001 மே மாதம் இந்தக் கணவாயின் அடிவாரத்தில் மாவனல்லையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. 2018இல் திகன. ஆண்டுகளை வரிசையாக ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தேன். அடிபடும் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். சொல்லப்படும் காரணம் மட்டும் அதேதான்: 'இவர்கள் பெருகுகிறார்கள், நம்முடைய தொழிலை எடுக்கிறார்கள், இவர்கள் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் அல்லர்.'

'இந்த முறை அடி நமக்கில்லையே' என்று தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன் அல்லவா? அந்த நினைப்பில்தான் இந்தச் சக்கரம் சுற்றுகிறது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது நமக்கெல்லாம் தெரியும். சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தத் துயரத்தைச் சொல்லும் கவிதைகளில் மிகவும் அறியப்பட்டது 'புத்தரின் படுகொலை'. அதை எழுதிய எம். ஏ. நுஃமான், கிழக்கிலங்கை முஸ்லிம், எங்களுக்குப் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். நம் நூலகத்துக்காக அவர் எழுதினார். அவர்களுக்கு நடந்தவற்றுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீராவது விட்டேனா?

பச்சை மட்டைக் கொப்பி

இப்போது மெஷின் கதைக்கு வருகிறேன்.

1990 ஒக்டோபரில் வடக்கில் வாழ்ந்த முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் எல்லா இடங்களிலிருந்தும் 70,000க்கும் அதிகமானோர் போனார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசம் கொடுக்கப்பட்டது. பலர் புத்தளத்துக்குப் போய் ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள்.

தண்ணீரூற்றிலும் முஸ்லிம் மக்கள் இருந்தார்கள். ஒரு நாள் இருந்தார்கள், பிறகு இல்லை. அவர்கள் விட்டுப்போன சாமான்கள் சில நாட்களில் விற்பனைக்கு வந்தன. கட்டில், அலுமாரி, பாத்திரம். நான் 350 ரூபாய் கொடுத்து ஒரு கால்மெஷின் வாங்கினேன். கையில் பால்குடிப் பிள்ளை. எங்களுக்கு ஒரு தொழில் வேண்டும் என்று நினைத்தேன். யாருடைய மெஷின் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வாங்க முடியாது என்பது மனதுக்குத் தெரிந்திருக்கும்.

அதன் இழுப்பறையில் பச்சை மட்டை போட்ட ஒரு கொப்பி இருந்தது. தைக்கக் கொடுத்தவர்களின் பெயரும் அளவும் எழுதிய கொப்பி. பாதிதான் எழுதியிருந்தது. அந்த நாட்களில் வன்னியில் கொப்பி தட்டுப்பாடு. மிஞ்சிய பக்கங்களில் நான் என் வாடிக்கையாளரின் அளவுகளை எழுதத் தொடங்கினேன். முகாமிலும் அது என்னோடு இருந்தது. கடுகண்ணாவைக்கும் வந்தது. முன் பக்கங்களை நான் ஒருநாளும் வாசித்ததில்லை.

டீச்சர் கொடுத்தவற்றில் 'முறிந்த பனை'யும் ஒன்று. அதை எழுதிய நால்வரில் ஒருவர் டொக்டர் ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர். யுத்தத்தில் பெண்கள் பட்ட பாடுகளை வீடு வீடாகக் கேட்டு எழுதினார். அரசு செய்ததையும் இந்திய அமைதிப்படை செய்ததையும் மட்டுமல்ல, நம் இயக்கங்கள் செய்ததையும் ஒளிக்காமல் எழுதினார்கள். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். நம் பக்கத்துப் பிழையை நாமே சொல்வது துரோகம் என்றல்லவா நமக்குப் பழக்கியிருந்தார்கள். அதைச் சொல்வதற்குத்தான் அதிக துணிவு வேண்டும் என்பதை அவரிடம் படித்தேன்.

அந்தப் புத்தகத்தை மூடிய இரவு, இழுப்பறையிலிருந்து பச்சைக் கொப்பியை எடுத்தேன். முதன்முதலாக முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். அழகான உருண்டை எழுத்து. தோள், மார்பு, இடுப்பு, கை நீளம். ஒரு பக்கத்தில் முஸ்லிம் பெண்ணின் பெயர், அடுத்த பக்கத்தில் தமிழ்ப் பெண்ணின் பெயர். 'கலியாணப் பிளவுஸ், அவசரம்.' 'பிள்ளைத்தாச்சி, இடுப்பை விட்டுத் தைக்க.' 'காசு அறுவடைக்குப் பிறகு.' கடைசிப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் பெயரும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின் அளவும். 'முற்பணம் 20 ரூபாய்.' அதற்கு அடுத்த வரியிலிருந்து என் கையெழுத்து தொடங்குகிறது.

எத்தனையோ புத்தகங்கள் வாசித்தேன். இனவாதம் என்றால் என்ன என்பதை எனக்கு விளக்கிய புத்தகம் அதுதான். அந்தப் பெண் ஆளுக்கு ஆள் அளவு எடுத்தாள். யார் யார் என்று பார்த்து, இவளுக்கு இப்படி, அவளுக்கு அப்படி என்று எழுதி வைத்தாள். அவளை வெளியே போகச் சொன்னவர்களோ, பின்னால் அவள் பொருளை வாங்கிய நானோ, அவளை ஆளாகப் பார்க்கவில்லை. 'அவர்கள்' என்று ஒரே கட்டாகக் கட்டிவிட்டோம். 1948இல் என் பாட்டனையும் 1977இல் என் அம்மாவையும் அப்படித்தான் கட்டினார்கள்.

எங்கள் விறாந்தையில்

2018க்குப் பிறகு எங்கள் விறாந்தையில் சில பெண்கள் போயா விடுமுறை நாட்களில் கூடுகிறோம். டீச்சர், நான், என் மகள், ஒழுங்கைக் கடைசி வீட்டுத் தங்கச்சி, இன்னும் இரண்டு பேர். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவும் வருவார். அவருடைய மகன் இராணுவத்தில் சேர்ந்து வன்னிப் போரில் இறந்தவன். என் கணவரைக் கொன்றதும் அவர் மகனைக் கொன்றதும் ஒரே யுத்தம்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை மகள் சிங்களத்தில் சொன்னபோது அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். "எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை" என்றார். அடுத்த முறை வரும்போது தன் பேத்தியின் சரித்திரப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "இதில் இருக்கிறதா, தேடிப் பார்ப்போம்" என்றார்.

உலகக் கதைகளும் பேசுவோம். அமெரிக்காவில் மொன்ட்கொமரி நகரில் 1955 டிசெம்பர் 1ஆம் திகதி, வெள்ளையருக்காக பஸ் ஆசனத்தைவிட்டு எழும்ப மறுத்த தையற்காரி ரோசா பார்க்ஸைப் பற்றி டீச்சர் சொன்னபோது, "அவவும் தையலா?" என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் கைதான இரவே, ஒரு பெண்கள் சங்கத்தினர் கண்விழித்து ஆயிரக்கணக்கில் துண்டுப் பிரசுரம் அடித்து விநியோகித்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் கறுப்பினப் பெண்கள் 381 நாட்கள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். பஸ்ஸில் வாயை மூடி இருந்த என் மகள் அந்தக் கதையை இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

ஒரு போயா தினத்தில் பச்சைக் கொப்பியை நடுவில் வைத்து, மெஷின் வந்த கதையைச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்ற பத்து எண்ணும் நேரத்தையும் சொன்னேன். யாரும் பேசவில்லை. ஒழுங்கைத் தங்கச்சி கொப்பியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அவள் வடக்கைச் சேர்ந்தவள் அல்ல. அவளுடைய வாப்பாவின் கடை 2001இல் மாவனல்லையில் எரிந்தது.

"எல்லார்ட அளவும் இரிக்கி அக்கா," என்றாள். "தெச்சவட பேரு மட்டும் எங்கயும் இல்லயே."

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க அன்டைக்கு ராவு கதவுக்குப் பின்னால நின்டது எனக்குத் தெரியும். கதவுக்குக் கீழால உங்கட கால் நிழல் விழுந்திச்சி."

"தெரிஞ்சுதான் நின்றியா?"

"வேற எங்க போறது?"

அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. ஆனால் அடுத்த போயாவுக்கும் வந்தாள்.

வாசிக்க விரும்பும் தோழியருக்கு

நம்மில் பலர் கணவரை, பிள்ளையை, வீட்டை, நிலத்தை இழந்தவர்கள். 'எங்களுக்கு வாசிக்க எங்கே நேரம்?' என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். எழுத்துக் கூட்டி வாசிப்பவர்கள் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளைக் கொண்டு வாசியுங்கள். தனியே வாசித்து அழுவதைவிட நாலு பேரோடு இருந்து வாசிப்பது நல்லது.

முதலில் உங்கள் காயத்தைப் பற்றி வாசியுங்கள். அது உங்கள் உரிமை. நடந்ததற்குப் பெயரும் ஆண்டும் சட்டத்தின் இலக்கமும் தெரிந்தால், அது உங்கள் தலைவிதி அல்ல, மனிதர் செய்த வேலை என்பது விளங்கும். மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம். அதோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்து வீட்டாருக்கு நடந்ததை வாசியுங்கள். கடைசியாக, நம் பெயரால் நடந்ததை வாசியுங்கள். அதுதான் கஷ்டமானது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட மனம் சொல்லும். மூடினாலும் பரவாயில்லை, அடுத்த நாள் திரும்பத் திறவுங்கள்.

அந்த மெஷின் இன்னும் என் அறையில்தான் இருக்கிறது. 28 வருடங்கள் எனக்கும் மகளுக்கும் சோறு போட்டது. 2018க்குப் பிறகு என் தையலுக்கு வேறொரு மெஷின் வாங்கிக்கொண்டேன். பழையதைத் துடைத்து, எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். யுத்தம் முடிந்த பிறகு தண்ணீரூற்றுக்கும் சில முஸ்லிம் குடும்பங்கள் திரும்பி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கே உள்ள உறவுக்காரரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒரு தகவலும் இல்லை.

தங்கச்சி, உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் பெயர் உங்கள் கொப்பியில் இல்லை. 1990இல் தண்ணீரூற்றில் தையல் தைத்து, பச்சை மட்டைக் கொப்பியில் உருண்டை எழுத்தில் அளவு எழுதி வைத்தவர் நீங்கள் என்றால், இந்தப் பக்கம் எப்படியாவது உங்கள் கைக்கு வந்தால், ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள். மெஷின் உங்களுடையது. கொப்பியும் உங்களுடையதுதான். பின்பாதியில் நான் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த வெள்ளைச் சட்டைக்காரப் பிள்ளையின் 20 ரூபாய்க் கணக்கையும் சேர்த்துத் தீர்த்துக்கொள்வோம்.

கதவைத் தட்டுங்கள். இந்த முறை நான் எண்ணிக்கொண்டு நிற்கமாட்டேன்.